பேண்டு கேட்ட தீட்சிதர்

நம் கல்லூரி என்.சி.சி. பேண்டில் சைடு டிரம் அடித்தவன் நான். ஒரு குடியரசு தின அணிவகுப்புக்கு, சிவகாசிக்காரன்ங்கிற பெருமையில, சரவெடிச் சத்தத்தை டிரம்மில் கொண்டுவர ராப்பகலா முயன்றேன். கூட அடித்த நண்பன் வேண்டவே வேண்டாமென்று தடுத்துவிட்டான். அவன் அம்மா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். திடீர்னு வெடிச்சத்தம் கேட்டால், புகை எந்தப் பக்கம் என்றுதானே நம்ம ஊரில் முதலில் பார்ப்போம்?

அப்போது பேராசிரியர் ஒருவர் சொன்னதுதான் முத்துசுவாமி தீட்சிதர் வரலாறு. 1775-இல் திருவாரூரில் பிறந்தவர். இளமையில் குடும்பத்தோடு சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது கும்பினியாரின் பேண்டைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். ஏறக்குறைய 40 உருப்படிகள். நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டுகூட தேவி துதியாகிவிட்டது!

டிரம்மும் இல்லை, டிரம்பெட்டும் இல்லை. கமகம் போடாமல் சங்கராபரண ஸ்வரங்களை நேராக நிறுத்தினார். குறிலும் நெடிலுமே தாளம் போட்டன. சத்தத்தை விட்டார், நடையைப் பிடித்தார்.

காசிவாசம், வீணை, நவாவரண கீர்த்தனைகள் என வளர்ந்த அம்மகான், 1835 தீபாவளியன்று நம் பக்கத்து எட்டயபுரத்தில் காலமானார். சமாதியும் அங்கேதான்.

சரவெடியை விட்டோம். புல்லாங்குழலில் ஒரு நோட்டுஸ்வரம், என் டிரம்மில் வெறும் நடை. நண்பனின் அம்மா மைதான ஓரத்தில் நின்று, கடைசிவரை பயமில்லாமல் கேட்டார்.

தம்பி தங்கைகளே, ஒருமுறை எட்டயபுரம் போயிட்டு வாங்க.