தாமஸ் டையாட்

தாமஸ் டையாட் (1777 – 1861) அமெரிக்க மருந்து வணிகரும் கண்ணாடிக் குப்பி உற்பத்தியாளரும் ஆவார். இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய இவர், மருத்துவர் பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டு மருந்துகளை விற்றார். அவற்றுக்கான குப்பிகளின் தேவையே இவரைக் கண்ணாடித் தொழிலுக்கு இட்டுச்சென்றது.

டெலவேர் ஆற்றங்கரையில் அமைந்திருந்த இவரது தொழிற்சாலைக் குடியிருப்பு டையாட்வில் எனப்பட்டது. அங்கு தொழிலாளர் மது அருந்துவது தடைசெய்யப்பட்டிருந்தது. எனினும் இவரது உற்பத்திப் பொருட்களுள் மதுக்குடுவைகளும் அடங்கும். அச்சில் ஊதிச் செய்யப்பட்ட ஒருவகைக் குடுவையின் ஒருபுறம் பெஞ்சமின் பிராங்கிளின் உருவமும் மறுபுறம் டையாட்டின் உருவமும் காணப்படுகின்றன.

1836ல் இவர் தொடங்கிய வங்கி, 1837ஆம் ஆண்டு நிதி நெருக்கடியை அடுத்து வீழ்ச்சியடைந்தது. அதில் சேமித்தோர் பணத்தை இழந்தனர். 1839ல் மோசடிக் குற்றத்திற்காகச் சிறைத்தண்டனை பெற்ற இவர், பின்னர் மன்னிப்பளிக்கப்பட்டு விடுதலையானார். அவரது உருவம் பொறித்த குடுவைகள் இன்று பழங்குப்பி சேகரிப்போரால் விரும்பித் தேடப்படுகின்றன.