அந்தோணியாரை வரைந்த முரில்லோ

குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோணியாரை நம் ஊர்க் கோயில்களில் பார்த்திருப்பீர்கள். அக்குழந்தை அவருக்குக் காட்சி தந்ததைப் பதினாறு அடிக்கும் மேல் உயரமான ஓவியமாகத் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டு முரில்லோ.

1617-ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் செவில் நகரில், பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பத்து வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். வளர்த்தவர் அக்காள், அவள் கணவர் க்ஷவரமும் ரணவைத்தியமும் செய்தவர். 1649-இல் கொள்ளைநோய் வந்து செவில் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரை வாரிக்கொண்டு போயிற்று. முரில்லோ தம் பிள்ளைகளில் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். கந்தல் உடுத்தித் தெருவில் பழம் தின்னும் சிறுவர்களையும் அவர் வரைந்திருக்கிறார்.

1656-இல் செவில் பேராலயத்துக்கு அந்தோணியார் படத்தை முடித்துத் தந்தார். மேலே ஒளி வெள்ளத்தில், தேவதூதர் சூழக் குழந்தை இறங்கி வருகிறது. கீழே இருண்ட அறையில் துறவி மண்டியிட்டுக் கைகளை நீட்டுகிறார். கை இன்னும் குழந்தையை எட்டவில்லை. படத்தின் உயிரே அந்த இடைவெளிதான் என்பேன்.

1663-இல் மனைவி இறந்தார், மறுமணம் செய்யவில்லை. காதிஸ் நகரக் கோயில் ஓவிய வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்வர். 1682 ஏப்ரலில் காலமானார்.

1874-இல் திருடர்கள் அந்தோணியார் உருவத்தை மட்டும் படத்திலிருந்து வெட்டி எடுத்துப்போனார்கள். மறு ஆண்டு நியூயார்க்கில் விற்க வந்தபோது அகப்பட்டது. செவிலுக்குக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே பொருத்தினார்கள்.