பறவைக்கு வளையம் போட்டவர்

குழந்தைகளே! தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? மேடவாக்கம் தாண்டி, பள்ளிக்கரணை பக்கம் வந்ததும் சன்னல் வழியே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சாலையை ஒட்டிப் பெரிய சதுப்பு நிலம் தெரியும். மார்கழி, தை மாதங்களில் அங்கே சிலர் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். கழுத்தில் தொலைநோக்கி தொங்கும். கையில் நீளமான கேமரா இருக்கும்.

வழக்கமாக இந்தப் பக்கம் வராத ஒரு பறவை வந்து இறங்கிவிட்டது என்று தெரிந்தால் போதும். குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்துவிடுவார்கள். எங்கோ பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த பறவை நம் ஊர்ச் சேற்றில் புழு தேடுகிறது என்றால் சும்மாவா! மூச்சுக் காட்டாமல் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், குறித்துக்கொள்வார்கள். பறவை அதுபாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. தெரியாத பறவை ஒன்று வந்தால், அது என்ன பறவை என்று அறிய ஒரே வழிதான் இருந்தது. அதைச் சுட வேண்டும். தோலை உரித்துப் பஞ்சு அடைத்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். வந்த விருந்தாளியின் பெயரை அறிய விருந்தாளியையே கொன்ற கதை அது.

அப்படித் துப்பாக்கியோடு தொடங்கி, பிற்காலத்தில் பறவைகளின் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்ட ஒருவரைத்தான் இன்று சந்திக்கப் போகிறோம். அவர் பெயர் சலீம் அலி.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி பம்பாயில் (இன்றைய மும்பை) பிறந்தார். ஒரு வயதில் தந்தை போனார். மூன்று வயதில் தாயும் போனார். மாமா அமீருத்தீன் தயாப்ஜிதான் குழந்தைகள் எல்லோரையும் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். மாமாவுக்கு வேட்டை என்றால் உயிர். மருமகனுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். பெரிய வேட்டைக்காரனாக வேண்டும் என்பதுதான் சிறுவன் சலீமின் கனவு.

பத்து வயது இருக்கும். ஒருநாள் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். கையில் எடுத்துப் பார்த்தால், வீட்டுக்கு வரும் சிட்டுக்குருவி மாதிரி இல்லை. தொண்டையில் மஞ்சள் திட்டு! இதைச் சாப்பிடலாமா என்று மாமாவிடம் கேட்டான். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அங்கே செயலாளராக இருந்தவர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். ஆட்சி நடத்தும் துரைமார்களைக் கண்டு பெரியவர்களே ஒதுங்கிப் போன காலம். சலீம் தயங்கித் தயங்கித்தான் உள்ளே போனான். மில்லார்டோ அன்பாகப் பேசினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாடம் செய்து வைத்த பறவைகளைக் காட்டினார். இந்தியாவில் இத்தனை வகைப் பறவைகளா! பையனுக்குக் கண்கள் விரிந்தன. படிக்கப் புத்தகமும் கொடுத்தார் மில்லார்டு. வாசலிலேயே ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அவர் பையனைத் திருப்பி அனுப்பியிருந்தால்? எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

படிப்பில் சலீம் சுமார்தான். கணக்கு வேம்பாகக் கசந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பர்மாவுக்குப் போய், குடும்பத்தின் சுரங்க வேலையைப் பார்த்தார். அங்கும் கண் காட்டிலேயே இருந்தது, வியாபாரம் நொடித்தது. ஊர் திரும்பி, விலங்கியல் படித்தார். 1918இல் தெஹ்மினாவை மணந்தார். 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இன்னும் கற்க வேண்டும் என்று ஜெர்மனிக்குப் போய், ஸ்டிரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயின்றார். 1930இல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

வேறு யாராக இருந்தாலும் இடிந்து போயிருப்பார்கள். சலீம் அலியும் தெஹ்மினாவும் கடலோரத்தில் இருந்த கிஹிம் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலைதான் இல்லையே, மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு நிறுத்தும். பெண் குருவிகள் வந்து, வீடு பார்ப்பது போல உள்ளே நுழைந்து பார்க்கும். ஒன்றுக்குப் பிடித்துவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். உடனே ஆண் குருவி மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும். பிறகு இன்னொரு கூட்டைத் தொடங்கி, இன்னொரு பெண் குருவிக்காகக் காத்திருக்கும். இவ்வளவு நுட்பமாக அதுவரை யாரும் கவனித்து எழுதியதில்லை. சுடாமல், பிடிக்காமல், பொறுமையாகப் பார்த்தே கண்டுபிடித்தார் என்பதைக் கவனியுங்கள்.

அதன்பின் ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று ஒவ்வொரு சமஸ்தானமாகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தார். சம்பளம் வேண்டாம், செலவுக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டுத்தான் இந்த வேலையை வாங்கினார். கூடாரம், சமையல், கணக்கு வழக்கு எல்லாம் தெஹ்மினாவின் பொறுப்பு. அப்போதும் அருங்காட்சியகத்துக்காகப் பறவைகளைச் சுடத்தான் செய்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. அன்று அறிவியல் அப்படித்தான் நடந்தது. 1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். அந்த இழப்பிலிருந்து மீண்டு, 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய தம் புகழ்பெற்ற புத்தகத்தை வெளியிட்டார். சாதாரண மக்களும் படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைக் கண்டுபிடிக்க உதவிய புத்தகம் அது.

பள்ளிக்கரணையில் இளஞ்சிவப்பாக நிற்கும் பூநாரைகளைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்! அந்த இனம் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே, ரண் என்ற உப்புச் சேற்றுவெளியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் மேல். 1945இல் சலீம் அலி அங்கே போய்ப் பார்த்தார். சேற்றைக் குவித்துச் செய்த கூடுகள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை! ஏறத்தாழ ஐந்து லட்சம் பறவைகள் இருக்கும் என்று கணக்கிட்டார்.

சரி, இங்கே நிற்கும் பறவை எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பறவையிடம் கேட்க முடியுமா? இங்கேதான் வளையம் வருகிறது. எடை குறைந்த ஓர் உலோக வளையம். அதில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்தின் முகவரியும் பொறித்திருக்கும். பறவையை வலையில் பிடித்து, காலில் வளையத்தை மாட்டி, அளவுகளைக் குறித்துக்கொண்டு பறக்கவிடுவார்கள். அது வேறு எங்காவது பிடிபட்டால், கண்டவர் எண்ணை எழுதி அனுப்புவார். வழி தெரிந்துவிடும்! கழகம் 1927 வாக்கிலேயே தார் மகாராஜாவின் உதவியோடு இதைத் தொடங்கியது. ஆனால் பெரிய அளவில் நடந்தது 1960களில்தான்.

அதற்குக் காரணம் ஒரு காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன; மனிதர்களும் இறந்தனர். உண்ணி கடித்துப் பரவும் அந்த நோயின் கிருமி, சைபீரியாவில் கண்ட ஒரு கிருமிக்கு உறவு. அப்படியானால் வலசை வரும் பறவைகள்தான் உண்ணியைச் சுமந்து வந்தனவா? இதை அறிய உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. சலீம் அலி தலைமையில் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு வளையம் இட்டார்கள். பிடித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் என்னும் பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள்! விற்பதற்காகப் பிடித்த கைகள், இறகு கசங்காமல் பிடித்து மீண்டும் விடுவதற்கு உதவின. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நோயைப் பறவைகள் கொண்டுவந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அவை வரும் வழி தெரிந்தது. இங்கே வளையமிட்ட பறவைகள் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கிடைத்தன. நம் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையின் அருமையையும் சலீம் அலி 1962இல் எடுத்துச் சொன்னார். 1967இல் அது சரணாலயம் ஆயிற்று. லட்சக்கணக்கான பறவைகள் அங்கே வளையம் அணிந்து போயிருக்கின்றன.

மோட்டார் சைக்கிள் கதையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். 1950இல் சுவீடன் நாட்டில் பறவை அறிஞர்களின் மாநாடு நடந்தது. 53 வயது சலீம் அலி தம் சன்பீம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பா முழுதும் ஓட்டி, அதிலேயே மாநாட்டுக்கு வந்து இறங்கினார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டாரோ என்று சிலர் வாயைப் பிளந்தார்களாம்!

டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞரோடு சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1974இல் அந்தப் பணி முடிந்தது. 1976இல் பத்ம விபூஷண் விருது வந்தது. பரிசாக வந்த பெருந்தொகையைப் பறவைகளுக்கே கொடுத்துவிட்டார். பரத்பூர் ஏரியை வயலாக மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது விடாமல் வாதாடித் தடுத்தார். ஏரி போய்விட்டால், சைபீரியாவிலிருந்து வரும் பறவை எங்கே இறங்கும்?

அந்தக் கேள்வி நம் பக்கத்து ஊருக்கும் உண்டு. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் இப்போது இருப்பதைப் போலப் பல மடங்கு பரந்து கிடந்தது. வீடுகளும் சாலைகளும் பெருங்குடிக் குப்பைமேடும் அதைத் தின்றன. மிஞ்சியதில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சார் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

தேடிக் கிடைக்காத பறவைகளும் சலீம் அலிக்கு இருந்தன. 1876க்குப் பிறகு யார் கண்ணிலும் படாத இமயமலைக் காடையைக் கடைசிவரை தேடினார், கிடைக்கவில்லை. ஆனால் 1986 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. சென்னைப் படையின் மருத்துவராக இருந்த ஜெர்டன் கண்டறிந்த, தரையில் ஓடும் ஒரு பறவை, 1900க்குப் பிறகு அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நம்பியிருந்த பறவை, ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் மீண்டும் அகப்பட்டது. கண்டுபிடித்தது அவருடைய கழகம்தான். அப்போது அவருக்கு வயது 89. அடுத்த ஆண்டு ஜூன் 20ஆம் தேதி காலமானார்.

ஐப்பசியில் மழை தொடங்கும்போது, தாம்பரம் கிறித்தவக் கல்லூரிக் காட்டிலும் கிண்டியிலும், ஏன், உங்கள் வீட்டுத் தோட்டத்திலும்கூட ஆறுமணிக்குருவி வந்து இறங்கலாம். பச்சை முதுகு, நீல இறகு, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். வடக்கிலிருந்து இரவெல்லாம் பறந்து களைத்து வந்திருக்கும். விரட்டாமல், பூனை நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நாள், நேரம், இடத்தை நோட்டில் எழுதிவையுங்கள். எந்தப் பறவையின் காலிலாவது வளையம் தெரிந்தால், நிறத்தையும் எண்ணையும் குறித்து, ஆசிரியர் மூலம் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.