காங் யூ வெய்

பழமையைப் போற்றுவோர் புதுமைக்குப் பகைவரே எனக் கூறுவாரை நாம் நாடோறும் காண்கின்றோம். அன்னார் சீன தேசத்துக் காங் யூ வெய் என்பாரின் சரிதத்தை அறியார் போலும்.

இவர் 1858ஆம் ஆண்டு குவாங்டுங் மாகாணத்தில் கற்றோர் குடியிற் பிறந்தார். பெண் மக்களின் பாதங்களை இறுகக் கட்டிக் குறுக்கும் கொடிய வழக்கத்திற்குத் தம் புதல்வியை உட்படுத்த மறுத்தார். 1895இல் சீனம் ஜப்பானுக்குத் தோற்றபொழுது, பரீக்ஷையின்பொருட்டுப் பீக்கிங்கில் வந்து கூடியிருந்த கற்றோரைத் திரட்டி, நாட்டைத் திருத்துமாறு அரசனுக்கு விண்ணப்பம் வரைந்தார். கன்பூசியஸ் முனிவர் பழமையைக் காத்தவராக மட்டும் நில்லாது, தம் காலத்தைத் திருத்த முயன்ற சீர்திருத்தக்காரருமாவர் என்பது இவர் கொள்கை. அதனை நாட்டுதற்பொருட்டுப் பண்டை நூல்கள் சிலவற்றைப் போலி என ஒதுக்கியது மிகையென்றே நாம் எண்ணுகின்றோம்.

1898இல் குவாங்ஸு சக்கரவர்த்தி இவர் யோசனைக்குச் செவிசாய்த்துக் கல்வியையும் பரீக்ஷை முறையையும் சேனையையும் மாற்றக் கட்டளைகள் பிறப்பித்தார். 103 நாட்களே அவை நடைபெற்றன. பெரிய ராணியாகிய ஸீஷீ அம்மையார் சக்கரவர்த்தியைக் காவலில் வைத்தார். காங் கப்பலேறித் தப்பினார். இவர் தம்பியார் உள்ளிட்ட அறுவர் சிரம் துணிக்கப்பெற்றனர். அவ்வாண்டிலே தோன்றிய பீக்கிங் சர்வகலாசாலையோ அழியாது நின்றது.

பின்னர் இவர் பினாங்கிலும், இமயமலைச் சாரலிலுள்ள டார்ஜிலிங்கிலும் தங்கி, உலகமனைத்தும் ஒரே குடியாதலைக் கனவு கண்டு ஒரு நூல் இயற்றினார். அத்தகையார் 1917இல், வீழ்ந்த அரச குலத்தை மீண்டும் அரியணை ஏற்ற முயன்றோருடன் சேர்ந்தது வியப்பே. 12 நாட்களில் அம்முயற்சி குலைந்தது. 1927இல் சிங்தாவ் நகரிற் காலமானார்.