அஸீஸ் நடந்த வழி

மட்டக்களப்பு வாவியின் தென்கோடியை அடுத்த கல்முனைக்கு 1942ஆம் ஆண்டு உதவி அரசாங்க அதிபராக வந்தார் ஏ. எம். ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிம் ஆவார். போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டைப் போக்க நெற்செய்கையைப் பெருக்க வந்தவர், முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவையும் கண்டார். காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். 1948இல் அரச பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார்.

1956இல் மொழிப் பிரச்சினை நாட்டைப் பிளந்தது. தென்னிலங்கையில் சிதறி வாழும் முஸ்லிம்கள் பெரும்பான்மையினரை அனுசரித்துப் போவதே பாதுகாப்பு என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது. அதனை அச்சமென்று நாம் தள்ளிவிட இயலாது. ஆயினும், தாம் சார்ந்த ஐக்கிய தேசியக் கட்சி தனிச் சிங்களத்தை ஏற்றபோது, செனட்டரான அஸீஸ் அக்கட்சியை விட்டு விலகினார். தமிழைத் தம் சமூகத்தின் தாய்மொழியாகப் போற்றிய அவரே, முஸ்லிம்களின் தனித்துவத்தையும் வலியுறுத்தி ‘இலங்கையில் இஸ்லாம்’ என்னும் நூலை எழுதினார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1973இல் அவர் மறைந்தார். 1985இலும் 1990இலும் இம்மண்ணில் இரு சமூகத்தாரின் இரத்தமும் சிந்தியது. பிரதேச செயலகம் ஒன்றின் பெயரால் 2019இல் கல்முனையில் இரு தரப்பும் எதிரெதிரே போராட்டத்தில் அமர்ந்தன. மொழி ஒன்றாயிருப்பதனால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது. மற்றவரின் தனித்துவத்தை மதிக்கும்போதே அது நிலைக்கும். அஸீஸை நினைவுகூரும் நாம் முதலில் உணர வேண்டியது இதுவே.