காஹுமானு: ஒரு பந்தியில் முறிந்த சட்டம்

ஹவாய்த் தீவுகளில் ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது ஒரு காலத்தில் மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. பன்றி இறைச்சி, வாழைப்பழம், தேங்காய், சில வகை மீன்கள் ஆகியவற்றைப் பெண்கள் உண்ணவே கூடாது. ஆண்களுக்கான உணவு தனி அடுப்பில் வெந்தது. அவர்கள் உண்ணும் இடமும் தனி. 'கபு' எனப்பட்ட இந்த விலக்கு முறைக்கு எழுத்து வடிவம் கிடையாது. தெய்வங்களின் பெயரால் அது காக்கப்பட்டது. அதனை முறித்தவர்களில் முதன்மையானவர் காஹுமானு.

மாவுயித் தீவின் ஹானாவில், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தலைவர் குடும்பமொன்றில் பிறந்தவர். தீவுகளை ஓராட்சியின் கீழ்க் கொண்டுவந்த மன்னர் கமேஹமேஹாவின் மனைவியருள் ஒருவர். 1819 மே மாதம் மன்னர் இறந்து லிஹோலிஹோ பட்டமேற்றபோது, ஆட்சியைத் தம்முடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே மறைந்தவரின் விருப்பம் என்று காஹுமானு அறிவித்தார். 'குஹினா நுயி' என்ற இணை ஆட்சியாளர் பதவி அவருடையதாயிற்று.

லிஹோலிஹோவின் தாய் கேயோபுவோலானி, குலப்படியில் எவரினும் உயர்ந்தவர். முதலில் அவரே தம் இளைய மகனுடன் அமர்ந்து உண்டார். இளம் மன்னர் தயங்கினார். நவம்பரில் கைலுவாவில் நடந்த விருந்தில் அவரும் எழுந்து சென்று பெண்களோடு அமர்ந்து உண்டார். தெய்வம் எதுவும் தண்டிக்கவில்லை. கோவில்களை இடிக்கவும் உருவங்களை எரிக்கவும் ஆணை பிறந்தது. பழைய முறைக்காகப் போரிட்ட கெகுவாஓகலானி டிசம்பரில் குவாமோஓவில் வீழ்ந்தார். அவர் மனைவி மனோனோவும் அருகிலேயே போரிட்டு மடிந்தார். பெண்ணை விலக்கி வைத்த முறைக்காக ஒரு பெண்ணே உயிர்கொடுத்தார் என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

இங்கே ஆண்டுக் கணக்கைக் கவனிக்க வேண்டும். நியூ இங்கிலாந்தின் கிறித்தவ ஊழியர்கள் வந்து இறங்கியது 1820-இல். ஹவாய்ப் பெண்களை மேற்குலகமே மீட்டது என்ற கதைக்கு அந்தச் சில மாத இடைவெளியே மறுப்பு. 1778-இல் கேப்டன் குக் வந்தது முதல், கப்பல்களில் மாலுமிகளுடன் உண்டு, ஒரு தீங்கும் நேராமல் கரை திரும்பிய பெண்களின் அனுபவம் கபுவின் அச்சத்தைக் குறைத்திருந்தது உண்மைதான். முடிவை எடுத்தவர்கள் ஹவாய்ப் பெண்கள்.

ஆனால், முறிந்தது ஆண் பெண் கோடு மட்டுமே. குலப்படி அப்படியே நின்றது. சீனத்துக்குப் போகும் சந்தனக் கட்டையை நம்பித் தலைவர்கள் பட்டும் கப்பல்களும் கடனுக்கு வாங்கினர். அமெரிக்க வணிகர்கள் போர்க்கப்பல்களின் துணையோடு அந்தக் கடனைக் கேட்டனர். விளைவு, 1826 டிசம்பரின் வரிச்சட்டம். ஒவ்வோர் ஆணும் ஏறக்குறைய 30 கிலோ சந்தனமோ 4 ஸ்பானிய டாலரோ தரவேண்டும். ஒவ்வொரு பெண்ணும் 12 அடிக்கு 6 அடிப் பாய், அல்லது அதே மதிப்புள்ள மரப்பட்டைத் துணி, அல்லது ஒரு டாலர். உயர்குடியினர் உடுத்திய பட்டுக்காக எளிய பெண்கள் பாய் முடைந்தனர். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் காஹுமானுதான். 1824-இல் லிஹோலிஹோ லண்டனில் தட்டம்மையால் இறந்ததிலிருந்து, சிறுவரான புதிய மன்னருக்காக அவரே ஆண்டுவந்தார்.

1825-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவ்வாண்டிலேயே அவரும் பிற தலைவர்களும் பெண்கள் கப்பல்களுக்குச் செல்வதைத் தடைசெய்தனர். 1826 தொடக்கத்தில் 'டால்பின்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மாலுமிகள் ஹொனலுலுவில் கலகம் செய்தனர், தடை தளர்த்தப்பட்டது. பெண்ணுடலைத் தங்கள் உரிமையாகக் கருதியவர்களுக்கு எதிரான சட்டம் அது என்பதை ஒப்புக்கொள்ளலாம். எனினும் அது கட்டுப்படுத்தியது மாலுமிகளை அல்ல, பெண்களின் நடமாட்டத்தை.

1830-இல் பொது இடங்களில் ஹுலா ஆடுவதற்கும் தடை விதித்தார். எழுத்து வருவதற்கு முன் வம்ச வரலாற்றையும் வழிபாட்டையும் நினைவில் காத்துவந்த கலை அது. அதே காஹுமானு தாமும் எழுத்தறிந்து, எளிய மக்கள் படிப்பதற்கும் ஆதரவளித்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1832 ஜூன் 5 அன்று மனோவா பள்ளத்தாக்கில் இறந்தார். அவருக்குப் பின் கீனாவு முதலிய பெண்கள் குஹினா நுயி பதவியை வகித்தனர். வாக்குரிமை ஆண்களுக்கு மட்டுமே என்ற சட்டம் 1850-இல் வந்தது. 1864-ஆம் ஆண்டு அரசமைப்பு அந்தப் பதவியையே நீக்கியது.