பொருளின் அகம் கண்ட கே. எஸ். கிருஷ்ணன்

நீரைக் காய்ச்சினால் ஆவியாகிறது, உறையவைத்தால் பனிக்கட்டியாகிறது. மூன்று நிலைகளிலும் இருப்பவை ஒரே வகை மூலக்கூறுகளே. வாயுவில் அவை கட்டின்றித் திரிகின்றன; திரவத்தில் நெருங்கியிருந்தும் இடம்பெயர்கின்றன; திண்மத்தில் தத்தம் இடத்தில் நின்று அதிர்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத இவ்வியக்கத்தையும் ஒழுங்கையும் ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட தமிழர், கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவுத்தொழிலோடு தமிழ், வடமொழிப் புலமையும் உடையவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன், பின்னர்க் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியாற்றினார். நண்பகல் இடைவேளையில் மாணவர் எழுப்பும் அறிவியல் ஐயங்களுக்கெல்லாம் அவர் விடையளித்தார். அக்கலந்துரையாடலைக் கேட்க அயற்கல்லூரி மாணவரும் வந்தனர்.

ஒளி காட்டிய உண்மை

1920இல் கொல்கத்தா சென்ற அவர், 1923இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். திரவத்தில் ஒரு துகள் தூசி இருந்தாலும் அது ஒளியைச் சிதறடித்து முடிவைப் பிழையாக்கும். ஆகவே திரவங்களை வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மை செய்தனர். சூரிய ஒளியைக் குவித்து, நிறவடிகட்டி வழியே அவற்றினுள் செலுத்தினர். சிதறிய ஒளியில், புகுந்த ஒளியில் இல்லாத நிறமும் தோன்றியது. ஏறத்தாழ 60 திரவங்களிலும், தூசியற்ற ஆவிகளிலும் இது காணப்பட்டது. ஒளி தன் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூற்றுக்குக் கொடுத்து நிறம் மாறுகிறது என்பது இதனால் விளங்கியது. 1928இல் இராமனும் கிருஷ்ணனும் இணைந்தே இதனை அறிவித்தனர். 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. அதற்குள் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேறோர் ஆய்வில் முழுமையாக ஈடுபட்டிருந்தார்.

படிகமும் உருகிய உலோகமும்

மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் வைத்தார் கிருஷ்ணன். இழையை முறுக்கிக்கொண்டே சென்றால், ஓர் எல்லையில் படிகம் சட்டெனத் திரும்பும். அம்முறுக்கத்தின் அளவைக்கொண்டு படிகத்தின் காந்தப்பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதைக் கணித்தார்; அதன்வழி மூலக்கூறுகள் அடுக்கப்பட்டுள்ள முறையையும் அறிந்தார்.

1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். உலோகம் உருகிய பின்னும் அண்மை அணுக்களிடையே ஓரளவு ஒழுங்கு எஞ்சியிருக்கும். உருகிய உலோகத்தின் மின்தடைக்கும் அவ்வொழுங்குக்கும் உள்ள தொடர்பை, ஏ. பி. பாட்டியாவுடன் சேர்ந்து 1945இல் விளக்கினார்.

1947இல் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நிருவாகப் பொறுப்பிடையேயும் ஆய்வை விடவில்லை. மிகுதியாகச் சூடேற்றிய மூடிய அறையினுள் எலக்ட்ரான்கள் வாயுவைப்போல் நிறைந்திருக்கும். சிறு துளைவழியே அவை வெளியேறும் வீதத்தை எஸ். சி. ஜெயினுடன் அளந்தார். வாயுக்களுக்காக எழுந்த இயக்கவியற் கொள்கை, எலக்ட்ரான்களை ஆராயவும் இவ்வாறு துணைநின்றது.

பெற்ற சிறப்புகள்

இலண்டன் அரசவைக் கழக உறுப்பினர் தகுதி 1940இலும், சர் பட்டம் 1946இலும், பத்மபூஷண் விருது 1954இலும் அவரை வந்தடைந்தன. 1958இல் பட்நாகர் விருதினை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. தமிழிலக்கியத்தில் தோய்ந்த அவர், அறிவியல் கட்டுரைகளைத் தமிழிலும் எழுதினார். 1961இல் மறைந்தார். பெரும்பரிசு தம் பெயரில் வராதபோதும், அடுத்த வினாவைத் தேடிச் சென்ற அவரது ஆய்வுள்ளம் மாணவர் போற்றத்தக்கது.